இரண்டு சவ்வுகளுக்கு நடுவே

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. இதயத்துக்குத் தசை உண்டு, துடிக்கிறது. குடலுக்குத் தசை உண்டு, பிசைந்து தள்ளுகிறது. நுரையீரலிலோ மூச்சை இழுக்கும் தசை என்று எதுவும் இல்லை. அதில் இருப்பவை காற்றுக் குழாய்கள், ரத்த நாளங்கள், ஏறக்குறைய 48 கோடி நுண்ணிய காற்றறைகள், இவற்றைப் பின்னிப் பிடித்திருக்கும் மீள்தன்மை கொண்ட இழைகள். அந்த இழைகளுக்கு ஒரே வேலைதான்: சுருங்குவது. பிறந்த குழந்தை முதல் மூச்சை இழுத்த நேரத்திலிருந்து நுரையீரல் சுருங்கத்தான் பார்க்கிறது.

நெஞ்சுக்கூடு இதற்கு நேர்மாறு. விலா எலும்புகளையும் அவற்றுக்கு இடையிலுள்ள தசைகளையும் அவற்றின் போக்கில் விட்டால் வெளிப்பக்கமாக விரிந்துகொள்ளும். உள்ளே இழுக்கும் நுரையீரலும் வெளியே இழுக்கும் நெஞ்சுக்கூடும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால்தான் நாம் மூச்சை வெளியே விட்டு முடித்த பிறகும் நுரையீரலுக்குள் இரண்டு லிட்டருக்கு மேல் காற்று தங்கியிருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒட்டுப்பசை எதுவும் கிடையாது. நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. நெஞ்சுக்கூட்டின் உட்புறம் இன்னொரு சவ்வு படிந்திருக்கிறது. நுரையீரல் உறை என்று நாம் சொல்வது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். இரண்டுக்கும் இடையே சில தேக்கரண்டி அளவு திரவம் மட்டும் உண்டு. கழுவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த எவர்சில்வர் தட்டுகள் சறுக்கும், ஆனால் எளிதில் பிரிந்துவராது. இந்தச் சவ்வுகளும் அப்படித்தான். இடைவெளியில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கிறது. அமைதியாக மூச்சுவிட்டு முடிக்கும்போது சுமார் 5 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவு குறைவு, மூச்சை இழுக்கும்போது 8 வரை. இவ்வளவு சிறிய வேறுபாடுதான் ஒரு மனிதனின் நுரையீரலை விரித்துப் பிடித்திருக்கிறது.

அந்த இடைவெளிக்குள் காற்று நுழைந்துவிட்டால் பிடி விட்டுப்போகும். நுரையீரல் தன் இயல்புப்படி உள்ளே சுருங்கும், நெஞ்சுக்கூடு தன் இயல்புப்படி வெளியே விரியும். மருத்துவர்கள் இதை நியூமோதோராக்ஸ் என்கிறார்கள். நோயாளியின் வீட்டாருக்கு 'நுரையீரல் சுருங்கிப்போச்சு' என்று சொல்லப்படுகிறது. ஏதோ ஒன்று நுரையீரலை நசுக்கிவிட்டதாக அவர்கள் பயந்துபோகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் எதுவும் நசுக்குவதில்லை. விரித்து வைத்திருந்த பிடி போய்விட்டது, அவ்வளவுதான். சிகிச்சையைப் பற்றிச் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறப்பதால் இதை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன்.

ஆந்த்ரேயாஸ் வெசேலியஸ் இதைக் கண்ணாலேயே பார்த்தவர். 1543 இல் வெளிவந்த தன் உடற்கூறு நூலில், உயிருள்ள விலங்கின் நெஞ்சைத் திறந்ததும் நுரையீரல் சுருங்கிவிடுவதையும், மூச்சுக்குழலில் நாணல் குழாயைச் செருகி ஊதினால் அது மீண்டும் எழும்பி, துவளத் தொடங்கிய இதயமும் தேறுவதையும் எழுதியிருக்கிறார். இன்றைய செயற்கைச் சுவாசத்தின் அடிப்படை அந்த நாணலில் இருக்கிறது. ஆனாலும் அடுத்த 350 ஆண்டுகளுக்கு அறுவை மருத்துவர்கள் நெஞ்சைத் திறக்கத் தயங்கினார்கள். வயிற்றைத் திறக்கலாம், மண்டையோட்டைக்கூடத் திறக்கலாம். நெஞ்சைத் திறந்தால் அந்த நொடியே காற்று உள்ளே பாய்ந்துவிடும். 1904 இல் ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் சாவர்புரூக் இதற்கு ஒரு விசித்திரமான வழி செய்தார். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறைக்குள் நோயாளியின் உடலும் அறுவை மருத்துவரும் இருப்பார்கள், நோயாளியின் தலை மட்டும் அறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சுக்குள் இருக்கவேண்டிய குறைந்த அழுத்தத்தை அறை முழுவதற்கும் உண்டாக்கிவிட்டார்! பிறகு மூச்சுக்குழலில் குழாய் வைத்துக் காற்றை உள்ளே அழுத்தும் முறை வளர்ந்தது. அறை தேவைப்படாமல் போயிற்று. வெசேலியஸின் நாணல் வென்றது.

காற்று நுழையப் பல வழிகள் உண்டு. கத்திக்குத்து, சாலை விபத்தில் முறிந்த விலா எலும்பின் முனை, கழுத்துச் சிரையில் ஊசி போடும்போது தவறிப் பட்ட குத்து, வென்டிலேட்டரின் அழுத்தம் என்று வெளிப்படையான காரணங்கள் ஒரு பக்கம். ஒன்றுமே நடக்காமல், சும்மா உட்கார்ந்திருந்த ஆளுக்கு நேர்வது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகைதான் மருத்துவத்தை நெடுங்காலம் குழப்பியது.

நோய்க்கு நியூமோதோராக்ஸ் என்ற பெயரை 1803 இல் கொடுத்தவர் பிரான்சின் ழான் இத்தார். அவேரோன் காட்டில் கிடைத்த சிறுவனுக்குப் பேச்சுக் கற்றுத்தரப் போராடியதற்காகக் கல்வி வரலாற்றில் நினைக்கப்படுபவரும் இவரே. ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் 1819 இல் இதன் அறிகுறிகளைத் தெளிவாக வரையறுத்தார். அவர்கள் காலத்தில் நுரையீரல் நோய் என்றாலே காசநோய்தான். ஆகவே திடீரென்று ஒருவரின் நெஞ்சில் காற்று சேர்ந்தால், மறைந்திருந்த காசநோய்க் கட்டி உடைந்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். 1932 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கியர்கார், இத்தகைய இளைஞர்களில் பெரும்பாலோருக்குக் காசநோயே இல்லை என்று காட்டினார். அதுவரை எத்தனை பேர் இல்லாத நோய்க்காகச் சானடோரியங்களில் படுத்துக்கிடந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

அந்த இளைஞனை இன்று எல்லா நாட்டு மருத்துவர்களுக்கும் அடையாளம் தெரியும். உயரமானவன், ஒல்லியானவன், வயது பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில், பெரும்பாலும் புகைபிடிப்பவன். நுரையீரலின் உச்சியில், காறையெலும்புக்குப் பின்னால், அவனுக்குச் சிறு சிறு காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் மனிதனின் நுரையீரலில் உச்சிப் பகுதி மற்ற இடங்களைவிட அதிகமாக இழுபட்டிருக்கிறது. நெஞ்சு நீளமாக இருந்தால் அந்த இழுப்பும் கூடுகிறது. ஒருநாள் ஒரு கொப்புளம் கசிகிறது. பளு தூக்கியதாலோ ஓடியதாலோ இது நேர்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஓய்வாக இருக்கும்போதுதான் பெரும்பாலும் நேர்கிறது. 'அன்றைக்குக் கிரிக்கெட் விளையாட விட்டிருக்கக் கூடாது' என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் தாய்மார்களிடம் இதை எடுத்துச் சொல்லவேண்டும்.

புகை விஷயம் வேறு. 1987 இல் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வு ஒன்று, புகைபிடிக்கும் ஆண்களுக்கு இந்த ஆபத்து 22 மடங்கும் பெண்களுக்கு 9 மடங்கும் கூடுவதாகக் கணக்கிட்டது. புகை நுண்ணிய காற்றுக் குழாய்களை வீங்கச் செய்கிறது. உள்ளே போன காற்று எளிதாக வெளியே வரமுடியாமல் சிக்கிக்கொள்கிறது. கஞ்சாப் புகையை ஆழமாக இழுத்து அடக்கிவைப்பவர்களுக்கும் இதே கேடு உண்டு.

நம் ஊரில் இன்னொரு வகை நோயாளியை அடிக்கடி பார்க்கலாம். வயது அறுபதைத் தாண்டியவர், பல்லாண்டு பீடி குடித்துக் காற்றறைகள் சிதைந்தவர், அல்லது முன்பு டிபி வந்து குணமாகி நுரையீரலில் தழும்பு மிஞ்சியவர். இளைஞனுக்கு ஒரு பக்க நுரையீரல் பாதி சுருங்கினாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும், நடந்தே மருத்துவமனைக்கு வந்துவிடுவான். இவருக்கோ கையிருப்பு ஏற்கனவே கரைந்துவிட்டது. கொஞ்சம் காற்று கசிந்தாலே உதடு நீலம் பாய்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு பேரின் நிழலும் ஒன்றுபோலத் தெரியலாம், ஆனால் ஆபத்தின் அளவு வேறு.

பெண்களில் சிலருக்கு மாதவிடாய் தொடங்கும் நாட்களை ஒட்டி, பெரும்பாலும் வலது பக்கத்தில், இது திரும்பத் திரும்ப வரும். கருப்பையின் உட்சுவரில் இருக்கவேண்டிய திசு உதரவிதானத்திலும் நுரையீரல் உறையிலும் போய் வளர்ந்திருப்பது இதற்கு ஒரு காரணம். வலிக்கும் மாதவிடாய்க்கும் தொடர்பு உண்டா என்று யாரும் கேட்காததால் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போன பெண்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி போதும். அதைக் கேட்கத்தான் வேண்டும்.

அறிகுறி என்ன? திடீரென்று நெஞ்சின் ஒரு பக்கத்தில் சுருக்கென்று குத்தும் வலி. மூச்சை இழுத்தால் அதிகமாகும். கூடவே மூச்சு முட்டும். நம் வீடுகளில் இதை வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி ஓம வாட்டரோ சோடாவோ கொடுத்துப் படுக்கவைத்துவிடுகிறார்கள். ஓரிரு நாளில் உடல் பழகி வலி குறைந்துவிடுவதும் உண்டு. அதனால் நோய் போய்விட்டதாக ஆகாது. சுருங்கிய நுரையீரல் சுருங்கியபடியே இருக்கலாம்.

மருத்துவர் அந்தப் பக்கத்தை விரலால் தட்டினால் வெற்றுப் பானைபோல் ஒலிக்கும். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் மூச்சொலி குறைந்திருக்கும், அல்லது கேட்கவே கேட்காது. நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையை 1761 இல் எழுதி வைத்தவர் வியன்னாவின் லியோபோல்ட் ஆவன்புருகர். எக்ஸ்ரேயில் சுருங்கிய நுரையீரலின் ஓரம் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு வெளியே ரத்தநாள நிழல் எதுவும் இல்லாமல் வெறும் கறுப்பாக இருக்கும். விபத்தில் அடிபட்டு மல்லாந்து படுத்திருப்பவருக்கு மட்டும் எக்ஸ்ரே ஏமாற்றக்கூடும். காற்று மேலெழுந்து நெஞ்சின் முன்பக்கமாகப் பரவிவிடுவதால் ஓரம் தெரியாது. அங்கே அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது. நலமான நெஞ்சில் இரண்டு சவ்வுகளும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவது திரையில் மினுமினுப்பாகத் தெரியும். நடுவே காற்று புகுந்திருந்தால் அந்தச் சறுக்கல் நின்றுபோயிருக்கும். படுக்கையருகிலேயே, இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இனி, காத்திருக்கவே முடியாத வகை. கிழிந்த இடம் சில சமயம் ஒருவழிக் கதவாக மாறிவிடும். மூச்சை இழுக்கும்போது காற்று உறைக்குள் நுழையும், வெளியே விடும்போது கிழிசல் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சும் உள்ளே இன்னும் கொஞ்சம் காற்றை அடைக்கிறது. அழுத்தம் ஏற ஏற இதயமும் மூச்சுக்குழலும் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகின்றன, இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரைகள் அமுங்குகின்றன. ரத்த அழுத்தம் சரிகிறது, கழுத்துச் சிரை புடைக்கிறது. இந்த நிலையில் எக்ஸ்ரே எடுத்துவர ஆள் அனுப்பிக்கொண்டிருந்தால் நோயாளி அதற்குள் இறந்துவிடலாம். மேல் நெஞ்சிலோ அக்குளுக்குக் கீழே பக்கவாட்டிலோ விலா இடுக்கில் தடித்த ஊசியைச் செருகினால் அடைபட்ட காற்று சீறிக்கொண்டு வெளியேறும். முழுச் சிகிச்சை அதற்குப் பிறகுதான், ஆனால் உயிரைக் காப்பது அந்த ஊசி.

1995 மே மாதம் ஹாங்காங்கிலிருந்து லண்டன் சென்ற விமானத்தில் நடந்ததை மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பெண்மணி ஒருவர், கையில்தான் அடி என்று நினைத்து விமானம் ஏறிவிட்டார். பயணிகளில் இருந்த எலும்பு அறுவை மருத்துவப் பேராசிரியர் ஆங்கஸ் வாலஸும் இளம் மருத்துவர் டாம் வாங்கும் கைக்குக் கட்டுப்போட்டுவிட்டு இருக்கைக்குத் திரும்பினார்கள். விமானம் மேலே போய்ச் சிறிது நேரத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது, மூச்சு திணறியது. மூச்சுக்குழல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்ததைக் கண்டதும் வாலஸுக்குப் புரிந்துவிட்டது. விமானத்தின் மருந்துப் பெட்டியில் மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்தும் கத்தியும் சிறுநீர்க் குழாய் ஒன்றும் இருந்தன. நெஞ்சில் வைக்கும் குழாய் இல்லை. சிறுநீர்க் குழாய் வளைந்துகொடுக்கும், நெஞ்சுச் சுவருக்குள் நுழையாது. சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி, பிராந்தியால் துடைத்துக் கிருமி நீக்கி, குழாய்க்குள் செருகி விறைப்பாக்கினார்கள். உள்ளே நுழைத்துக் கம்பியை உருவியதும் குழாயின் மறுமுனையை ஆக்சிஜன் குழாயோடு இணைத்து, தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார்கள். பாட்டிலில் குமிழிகள் கிளம்பின. பெண்மணி சிறிது நேரத்தில் தேறி, லண்டன் வரை பயணம் செய்தார்.

எல்லோரும் இந்தக் கதையில் சட்டைக் கம்பியைப் பற்றியே பேசுவார்கள். என் பார்வையில் உண்மையான அறிவு அந்தத் தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது. நெஞ்சில் ஓட்டை போட்டுக் குழாயை மட்டும் வைத்தால், உள்ளிருக்கும் காற்று வெளியேறும் வழியே வெளிக்காற்றும் உள்ளே போய்விடும். குழாயின் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் நெஞ்சிலிருந்து காற்று குமிழியாக வெளியேறலாம். நோயாளி மூச்சை இழுக்கும்போது தண்ணீர் குழாயில் சில சென்டிமீட்டர் ஏறுமே தவிரக் காற்று திரும்பிப் போகமுடியாது. தண்ணீரே கதவு. மின்சாரம் வேண்டாம், எந்திரம் வேண்டாம். 1870களில் இங்கிலாந்தின் பிளேஃபேரும் ஜெர்மனியின் பியூலாவும் இதைக் கையாளத் தொடங்கினார்கள். ஆனால் பரவலாக ஏற்கப்பட ஒரு பெருந்துயரம் தேவைப்பட்டது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்க ராணுவ முகாம்களில் நிமோனியாவுக்குப் பின் நெஞ்சில் சீழ் கட்டியவர்களுக்கு, விலா எலும்பை வெட்டித் திறந்து சீழை வடித்தார்கள். ஏறக்குறைய பத்தில் மூவர் மாண்டார்கள். எவார்ட்ஸ் கிரகாம் இடம்பெற்ற குழு ஆராய்ந்தபோது, சீழைவிடத் திறந்த நெஞ்சே பலரைக் கொன்றது தெரிந்தது. காற்று புகாத மூடிய குழாய்க்கு மாறியதும் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது.

இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் நெஞ்சுநோய் வார்டுக்குப் போனால் கட்டிலுக்குக் கீழே அந்தப் பாட்டிலைப் பார்க்கலாம். 'ஐசிடி போட்டிருக்கு' என்பார்கள். அக்குளுக்குக் கீழே, பெரிய தசைகள் விலகி நிற்கும் முக்கோணப் பகுதியில், விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி அந்தக் குழாயை வைக்கிறார்கள், கீழ் விளிம்பில் ரத்தநாளமும் நரம்பும் ஓடுவதால். உடனிருப்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியவை சில உண்டு. பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது, தூக்கினால் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். மூச்சுக்கு மூச்சு தண்ணீர் ஏறி இறங்கினால் குழாய் வேலைசெய்கிறது. ஆட்டம் நின்றால் நுரையீரல் முழுதாக விரிந்திருக்கலாம், அல்லது குழாய் அடைபட்டிருக்கலாம், நர்ஸிடம் சொல்லவேண்டும். குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயை, எக்ஸ்ரேவுக்குத் தள்ளிப்போகும் நேரத்தில்கூட, கிளிப் போட்டு அடைக்கவே கூடாது. வெளியேற வழியில்லாத காற்று, ஆளைக் கொல்லும் அந்த நிலைக்கு நோயாளியைத் தள்ளிவிடும்.

1960களில் ஹென்றி ஹெய்ம்லிக் பாட்டிலுக்குப் பதிலாக ரப்பர் நாக்கு கொண்ட சிறு ஒருவழி வால்வைச் செய்தார். தொண்டையில் சிக்கிய உணவை வெளியேற்றும் முறைக்குப் பெயர் தந்தவரும் அவர்தான். வியட்நாம் போர்க்களத்தில் அது பயன்பட்டது. அதன் வழித்தோன்றல்களை மார்பில் ஒட்டிக்கொண்டு இன்று சில நோயாளிகள் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

இத்தனை பாடுபட்டு நீக்கும் காற்றை, ஒரு காலத்தில் மருத்துவர்களே வேண்டுமென்று உள்ளே செலுத்தினார்கள் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். இத்தாலியின் கார்லோ ஃபோர்லானினி 1882 இல் இந்த யோசனையை வெளியிட்டார். ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்ததும் அதே ஆண்டுதான். நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தால் அதிலுள்ள குழிகள் மூடி ஆறும் என்பது ஃபோர்லானினியின் எண்ணம். கிருமியைக் கொல்ல மருந்து இல்லாத காலம் அது. ஊசி வழியே நைட்ரஜனையோ வடிகட்டிய காற்றையோ உறைக்குள் செலுத்தி நுரையீரலைச் சுருக்கினார்கள். ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் இது பரவியது. இந்தியச் சானடோரியங்களிலும் நடந்தது. தாமஸ் மன் 1924 இல் எழுதிய 'மாய மலை' நாவலில், இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள்.

அந்த நோயாளிகளில் ஒருவர் கனடாவின் அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன். நியூயார்க் மாநிலத்தின் ட்ரூடோ சானடோரியத்தில் சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தவர், இந்தச் சிகிச்சையைப் பற்றிப் படித்துவிட்டு, தனக்குச் செய்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தார். 1927 இல் அவருடைய இடது நுரையீரல் சுருக்கப்பட்டது. பிழைத்தெழுந்து, அறுவை மருத்துவராகத் தொடர்ந்து, ஸ்பெயினுக்கும் பிறகு சீனப் போர்முனைக்கும் போய், அங்கே 1939 இல் இறந்தார். அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு சற்றுப் பின்னால் வரும்.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, பிறகு மற்ற மருந்துகளும் வந்தன. 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடும் ஏழை நோயாளியும் சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கு இணையாகக் குணமடைகிறார் என்று 1959 இல் உலகுக்குக் காட்டியது. டாக்டர் சௌரி முத்து 1928 இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தின் பெயர் ரயில் நிலையத்தில் நிலைத்துவிட்டது. காற்று ஏற்றும் ஊசியோ வழக்கொழிந்தது.

ஆனால் அந்தக் கால மருத்துவர்களின் அன்றாட அனுபவத்தில் ஒரு பாடம் ஒளிந்திருந்தது. ஒருமுறை காற்று ஏற்றினால் போதாது. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில், மறுபடி மறுபடி ஏற்றவேண்டியிருந்தது. ஏன்? உடல் அந்தக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

உறிஞ்சுவது எப்படி என்பது அழகான இயற்பியல். ரத்தம் திசுக்களைச் சுற்றிவரும்போது ஆக்சிஜனை இழந்து கரியமிலவாயுவைச் சுமக்கிறது. ஆக்சிஜனின் அழுத்தம் 95 மில்லிமீட்டர் பாதரச அளவிலிருந்து 40க்கு விழுகிறது. கரியமிலவாயுவின் அழுத்தமோ 40லிருந்து 46க்குத்தான் ஏறுகிறது, அது ரத்தத்தில் எளிதாகக் கரைவதால். எனவே சிரை ரத்தத்திலுள்ள எல்லா வாயுக்களின் அழுத்தத்தையும் கூட்டினாலும் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஐம்பது மில்லிமீட்டருக்கு மேல் குறைவாகவே இருக்கும். உடலுக்குள் எங்கே காற்று அடைபட்டாலும் அது மெல்ல மெல்ல ரத்தத்துக்குள் இறங்குவதற்கு இதுவே காரணம். நலமாக இருக்கும்போது இரண்டு சவ்வுகளுக்கு நடுவே காற்றே இல்லாமல் வைத்திருப்பதும் இதுதான். கசிவு அடைபட்டபின், ஒரு பக்க நெஞ்சின் கொள்ளளவில் நாளொன்றுக்கு 1.25 முதல் 2.2 சதவீதம் வரை இப்படிக் கரைகிறது. நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்திலுள்ள நைட்ரஜன் வெளியேறி, கரையும் வேகம் சில மடங்கு கூடும்.

அப்படியானால் மூச்சுத்திணறல் அதிகம் இல்லாத இளைஞனுக்கு ஏன் குழாய்? காசநோய் மருத்துவர்களின் காலத்திலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்விக்கு முறையான சோதனை ஒன்றின் முடிவு 2020 இல்தான் வெளியானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 39 மருத்துவமனைகளில், முதல்முறையாக நுரையீரல் கணிசமாகச் சுருங்கிய 316 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குழாய் வைத்தார்கள். இன்னொரு குழுவைக் கவனித்தபடி காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்குப் பின்னர் குழாய் தேவைப்பட்டது, மற்றவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. எட்டு வாரத்துக்குள் நுரையீரல் முழுதாக விரிந்தவர்கள் குழாய்க் குழுவில் 98.5 சதவீதம், காத்திருந்த குழுவில் 94.4. வியப்பான செய்தி அடுத்தது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் குழாய்க் குழுவில் 16.8 சதவீதம், காத்திருந்த குழுவில் 8.8. குழாய் நுரையீரலை வேகமாக விரிப்பதால் கிழிசல் ஆற நேரமில்லாமல் போகிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

எக்ஸ்ரேயில் இடைவெளி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று அளந்து முடிவெடுத்த பிரிட்டிஷ் மருத்துவர்கள், 2023 வழிகாட்டுதலில் அளவைப் பின்னுக்குத் தள்ளி, நோயாளி எப்படி இருக்கிறார் என்பதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இது சரியான திருத்தம் என்றே நம்புகிறேன். ஆனால் காத்திருப்பதற்கும் கைவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. மூச்சு முட்டினால் நள்ளிரவிலும் போய்ச் சேர ஒரு மருத்துவமனை பக்கத்தில் வேண்டும், குறித்த நாளில் மறு எக்ஸ்ரே எடுக்கவேண்டும். பேருந்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் மலைக்கிராமத்து நோயாளியை எக்ஸ்ரே படத்தோடு வீட்டுக்கு அனுப்ப இந்த ஆய்வு அனுமதி தரவில்லை. நுரையீரல் நோய் ஏற்கனவே உள்ள முதியவருக்கும் இது பொருந்தாது.

ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடி வருகிறது. திரும்பத் திரும்ப வந்தால் நெஞ்சில் சிறு துளைகள் வழியாகக் கேமராவை விட்டு, கொப்புளமுள்ள உச்சிப் பகுதியை வெட்டித் தைத்துவிட்டு, இரண்டு சவ்வுகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறார்கள். இடைவெளியே இல்லை என்றால் காற்று எங்கே நுழையும்? நெஞ்சுக்கூட்டின் உட்புறச் சவ்வைச் சுரண்டியோ, தூய்மையாக்கிய டால்க் பொடியைத் தூவியோ புண்ணாக்கினால், ஆறும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். டால்க் தூவும் முறையை 1935 இல் வெளியிட்டவர் அதே நார்மன் பெத்யூன்தான்.

சறுக்குவதற்காகவே அமைந்த இரண்டு சவ்வுகளை ஒட்டிவிட்டால் மூச்சு கெடாதா என்ற கவலை நியாயமானது. இதற்கு யானை பதில் சொல்கிறது. யானைக்கு இந்த இடைவெளியே கிடையாது, நார்த்திசு நிரம்பி நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு இணைந்தே இருக்கிறது. உடலெல்லாம் நீரில் மூழ்க, தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டி நீந்தும்போது நெஞ்சுக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டாகிறது. மெல்லிய சவ்வின் ரத்தநாளங்கள் அதைத் தாங்கா. அதனால்தான் இந்த அமைப்பு வந்தது என்பது உடலியலாளர் ஜான் வெஸ்ட் சொன்ன விளக்கம். விளக்கத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அத்தனை பெரிய உடலுக்கு மூச்சுக் குறை எதுவும் இல்லை. சவ்வு ஒட்டப்பட்ட மனிதர்களும் இயல்பாக நடக்கிறார்கள், ஓடுகிறார்கள்.

குணமானவர் வீடு திரும்பும்போது கேட்கும் முதல் கேள்வி, எப்போது பயணம் போகலாம் என்பது. விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். நெஞ்சில் மிச்சமிருக்கும் காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். நுரையீரல் முழுதாக விரிந்ததை எக்ஸ்ரேயில் உறுதிசெய்து, அதற்குப் பிறகும் ஒரு வாரம் கழித்தே ஏறவேண்டும். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். எனவே மலைப்பயணத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கடலுக்கு அடியில் போவது இன்னும் கடுமையான விஷயம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அங்கே குழாய்க் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருப்பவரின் நெஞ்சில் ஒரு கொப்புளம் கசிந்தால், மேலே வர வர அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். ஊசி போட அங்கே ஆள் இல்லை. அதனால், தானாக நுரையீரல் சுருங்கிய ஒருவர், இரண்டு பக்கமும் அறுவை சிகிச்சை செய்துகொண்டாலன்றி, வாழ்நாள் முழுதும் அப்படி மூழ்கக் கூடாது என்பது விதி. சுற்றுலாப் பயணிக்கு இது ஒரு பொழுதுபோக்கின் இழப்பு. மன்னார் வளைகுடாவில் கம்ப்ரசர் காற்றில் சங்கு குளிக்கும் தொழிலாளிக்கோ பிழைப்பே போகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும் மருத்துவர், எதிரே நிற்பவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு, இதைச் சொல்லி, மாற்று வேலைக்கு உதவக்கூடியவர்களின் பக்கம் அவரைத் திருப்பிவிட்ட பிறகே குழாய் எடுத்த தழும்பின் தையலைப் பற்றிப் பேசவேண்டும்.